வீட்டில் ரோபோ செய்வது எப்படி? பேட்டரி முதல் திண்ணை ஓட்டம் வரை

கேரள-தமிழ்நாடு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஏற்றி இயக்கும் சின்ன மின்னணுப் போர்டு) புதிதல்ல. கேரள அரசுப் பள்ளிகளில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினிக் குழுக்கள் நடக்கின்றன. ரோபோ செய்து பழகும் பெட்டிகளும் பள்ளிகளுக்கு வந்துவிட்டன. 2025 முதல் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே ரோபோட்டிக்ஸ் இருக்கிறது. பள்ளியில் எல்.இ.டி.யை எரியவிட்டு, சர்வோ மோட்டாரை ஆட்டிப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை வீட்டில் கேட்பது ஒன்றுதான்: "நாமளே ஒண்ணு செய்யலாமா?"

தாராளமாகச் செய்யலாம். ஒரு வித்தியாசத்தை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் ஆர்டுயினோ போர்டுக்கு மின்சாரம் பெரும்பாலும் லேப்டாப்பின் யுஎஸ்பி வழியாக வருகிறது. 5 வோல்ட், சுமார் அரை ஆம்பியர், அவ்வளவுதான். வீட்டில் தானாக ஓடும் ஒன்றைச் செய்யும்போது பேட்டரி வருகிறது, மோட்டார் வருகிறது, ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டும் சால்டரிங் அயர்ன் வருகிறது. கையைச் சுடுவதும் மேசையைக் கருக்குவதும் இவைதான். அதனால் இந்த வழிகாட்டியில் வேலையின் வரிசையே கொஞ்சம் மாறியிருக்கும். முதலில் மின்சாரத்தை அடக்குவோம், அப்புறம் ரோபோவுக்கு நிற்கக் கற்றுக்கொடுப்போம், கடைசியில்தான் ஓடவிடுவோம்.

என்ன செய்யப் போகிறோம்

இரண்டு சக்கரம், முன்னால் ஒரு உருளும் குண்டுச் சக்கரம், எதிரே எதாவது வந்தால் நின்று திரும்பும் சின்ன வண்டி. முதல் ரோபோவுக்கு இது போதும். நான்கு சக்கர கிட் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் மோட்டார் இரண்டு மடங்கு, கரண்ட் இரண்டு மடங்கு, திரும்பும்போது சக்கரம் தரையை இழுத்துக்கொண்டு போகும். முதல் முறைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

வாங்க வேண்டியவை: ஆர்டுயினோ ஊனோ போர்டு, பல்சக்கரப் பெட்டியோடு வரும் மஞ்சள் நிற பிஓ மோட்டார் இரண்டு (150 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 150 சுற்று போதும்), அவற்றுக்கான 65 மி.மீ. சக்கரங்கள், போர்டின் உத்தரவுப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், ஒலியால் தூரம் பார்க்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார், கீழ்நோக்கிப் பார்க்க ஒரு ஐஆர் (அகச்சிவப்பு ஒளி) சென்சார், ஜம்பர் ஒயர்கள். இவற்றோடு ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச், 3 ஆம்பியர் ஃப்யூஸ், ஃப்யூஸ் ஹோல்டர், ஒரு சாதாரண மல்டிமீட்டர். கடைசி நான்கையும் பலர் விட்டுவிடுவார்கள். சென்சாரைக்கூட அடுத்த மாதம் வாங்கலாம், இந்த நான்கையும் தள்ளிப்போடாதீர்கள்.

கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் போனால் எல்லாம் ஒரே சுற்றில் கிடைத்துவிடும். பாலக்காட்டிலும் கிடைக்கும். ஆன்லைனில் வாங்கினால் விலை சற்றுக் குறையலாம், ஆனால் மோட்டாரின் தண்டு வளைந்திருக்கிறதா என்று கையில் எடுத்துச் சுற்றிப் பார்க்க முடியாது.

பேட்டரி: அவசரப்படாத இடம்

கடையில் முதலில் நீட்டப்படுவது 9 வோல்ட் சதுர பேட்டரி. அதை வாங்காதீர்கள். அதன் உள்தடை அதிகம். புகை அலாரத்துக்கும் மல்டிமீட்டருக்கும் சரி, மோட்டாரை இழுக்கத் திராணி கிடையாது. மோட்டார் சுழல ஆரம்பித்ததும் வோல்டேஜ் விழும், போர்டு அணைந்து அணைந்து எரியும், புரோகிராமில்தான் தப்பு என்று நீங்கள் ராத்திரி முழுக்கத் தேடுவீர்கள்.

அடுத்து நீட்டப்படுவது 18650 லித்தியம் அயான் செல். "அண்ணா, இது 9900 எம்ஏஹெச், ரெண்டு போட்டா நாள் பூரா ஓடும்" என்பார்கள். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகள் தருவதே சுமார் 3500 மில்லிஆம்பியர்-அவர்தான். அதற்கு மேல் எழுதியிருந்தால் எழுதியவருக்கே தெரியும் அது பொய் என்று. நல்ல செல் 45 கிராம் அளவுக்கு இருக்கும். போலி கையில் எடுத்தாலே லேசாகத் தெரியும். உக்கடம் பக்கத்துப் பழைய பொருள் கடைகளில் லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்கள் மலிவாகக் கிடைக்கும். அவை எத்தனை வருடம் காலியாகக் கிடந்தன என்று யாருக்கும் தெரியாது. 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த லித்தியம் செல்லை மறுபடி சார்ஜ் செய்வது உள்ளே ஷார்ட்டாகித் தீப்பிடிக்க வழிசெய்வதுதான்.

ஆகவே முதல் ரோபோவுக்கு நான் சொல்வது ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு டபுள்-ஏ செல்கள் ஆறு. ஒன்று 1.2 வோல்ட், ஆறு சேர்ந்தால் 7.2 வோல்ட். எல்298என் டிரைவர் தன் பங்குக்கு 2 வோல்ட் வரை தின்றுவிடும். மீதி 5 வோல்ட் சொச்சம் மோட்டாருக்குப் போகும். பிஓ மோட்டார் 3 முதல் 6 வோல்ட்டில் ஓடுவது, ஆகப் பொருத்தம் சரியாக இருக்கிறது. நான்கு செல் போட்டால் மிஞ்சுவது 3 வோல்ட்கூட இருக்காது, வண்டி நகரவே யோசிக்கும்.

இந்தச் செல்களும் சாதுவானவை என்று நினைத்துவிட வேண்டாம். இரு முனையையும் ஒரு கம்பி தொட்டால் பத்து ஆம்பியருக்கு மேல் பாயும், மெல்லிய ஜம்பர் ஒயரின் ரப்பர் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். லித்தியம் போல் தீப்பிடித்துச் சீறாது என்பதுதான் இதில் உள்ள நிம்மதி. வேலை செய்யும்போது மோதிரம், வளையல், உலோகப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். புதிய செல்லையும் பழைய செல்லையும் கலந்து போடாதீர்கள். பலவீனமான செல் முதலில் காலியாகி, மற்றவை அதைத் தலைகீழாக சார்ஜ் செய்து கெடுத்துவிடும்.

சார்ஜ் போடும் இடம் சிமெண்ட் தரை அல்லது டைல்ஸ். மெத்தை, சோபா, மர அலமாரி, பேப்பர் குவியல் பக்கம் கூடாது. தூங்கும்போதும் வேண்டாம், வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போதும் வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறைக்குள் மதியம் சார்ஜ் போடுவதும், நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டு வருவதும் அந்த மாதங்களில் ஆகாது. ஐப்பசி மழை இடியும் மின்னலுமாக வரும் சாயங்காலங்களில் சார்ஜர், லேப்டாப் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

இன்னொன்று: சுவர் பிளக்கின் 230 வோல்ட்டை இந்த வேலைக்குள் எந்த உருவத்திலும் கொண்டுவர வேண்டாம். பழைய டிவியின் பவர் போர்டு, மூடி இல்லாத சப்ளை, பிரித்த செல்போன் சார்ஜர் எதுவும் மேசைக்கு வரக்கூடாது.

மேசையும் சால்டரிங்கும்

மோட்டாரில் ஒயர் ஒட்ட சால்டரிங் வேண்டும். 25 வாட் அயர்ன் போதும். ஈயம் கலந்த 60/40 கம்பி 190 டிகிரிக்குள் உருகிவிடும். அயர்ன் முனை 350 டிகிரி பக்கம் இருக்கும். தாங்கி இல்லாமல் அயர்னைத் தட்டிலோ மேசை ஓரத்திலோ வைத்தால் உருண்டு மடியில் விழும், நம் கையும் தன்னிச்சையாக அதைப் பிடிக்கப் போகும். ஸ்டாண்டு நூறு ரூபாய் சமாச்சாரம், வாங்கிவிடுங்கள். விழுவது எதுவாக இருந்தாலும் கை நீட்டாமல் விட்டுவிடப் பழகுங்கள்.

எழும் புகையில் ஈயம் இருக்கிறது என்று பயப்படுபவர்கள் உண்டு. இந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகாது. அந்தப் புகை, ஈயக் கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் என்ற பிசின் எரிவது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதுவே தொந்தரவு தரும், மற்றவர்களும் நேராக முகர வேண்டாம். ஈயம் உடம்புக்குள் போவது விரல் வழியாக. கம்பியைத் தொட்ட கையோடு முறுக்கு தின்றால் உள்ளே போய்விடும். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், கம்பியைப் பல்லால் கடித்து இழுக்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் புகை தானே போய்விடும். ஆனால் காற்று நேராக முனையில் பட்டால் ஈயம் சரியாக உருகாது. காற்று தோள் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள்.

நல்ல ஜாயிண்ட் எப்படி இருக்கும்? ஈயம் கம்பியையும் தகட்டையும் இரண்டையும் நனைத்து, ஓரம் சரிந்து, பளபளவென்று இறங்கியிருக்கும். இட்லி மாதிரி உப்பி மேலே உட்கார்ந்திருந்தால் அது ஒட்டவில்லை. தகட்டையும் ஒயரையும் முதலில் இரண்டு விநாடி சூடாக்கி, அப்புறம் ஈயக் கம்பியை அவற்றின் மேல் தொட வேண்டும். அயர்ன் முனையில் ஈயத்தை எடுத்துத் தடவினால் இப்படித்தான் உப்பும். மோட்டாரின் செப்புத் தகடுகள் பிளாஸ்டிக்கில் செருகியிருப்பவை. நீண்ட நேரம் சுட்டால் பிளாஸ்டிக் இளகித் தகடு ஆட்டம் கண்டுவிடும். ஒயரோடு சேர்த்து, தகடு இரண்டுக்கும் குறுக்கே 104 என்று எழுதிய சின்ன செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றையும் ஒட்டிவிடுங்கள். மோட்டாரின் தீப்பொறி இரைச்சல் சென்சாரைக் குழப்பாது.

கெப்பாசிட்டரின் மிஞ்சிய கம்பிக் காலை வெட்டும்போது துண்டு தெறிக்கும். கண்ணாடி போடுங்கள், அல்லது துண்டை மற்ற கையால் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, பேனா மை, தோசை மாவு எதுவும் வேண்டாம். சூட்டை உள்ளேயே அடைத்துவிடும், பிறகு டாக்டர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

உடம்பு

ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் கேட்டால் மிஞ்சிய ஃபோம் ஷீட் துண்டு சும்மாவே தருவார்கள். 5 மி.மீ. கனம், கட்டர் கத்தியால் வெட்டலாம். கத்தியை ஒரே அழுத்தில் இறக்காமல் நாலைந்து லேசான கீறலில் வெட்டுங்கள். இரும்பு ஸ்கேலைப் பிடித்த விரல்கள் கத்தியின் பாதைக்கு வெளியே இருக்கட்டும். தகரத்தில் செய்ய ஆசைப்பட்டால், போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் தகரத்தில் பட்டு ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் ஸ்பேசர் வைத்துத் தூக்கிப் பொருத்த வேண்டும். பேட்டரி ஹோல்டரை நடுவில், இரு சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், கையால் எளிதில் கழற்ற முடியும்படி வையுங்கள். சுவிட்ச் மேல்தட்டில், ஓடும் வண்டியில் குனிந்து தட்ட வசதியான இடத்தில் இருக்கட்டும்.

ஒயரிங்: செல் போடாமல் முடிக்க வேண்டியது

ஹோல்டரில் செல்கள் இல்லாதபோதே எல்லா இணைப்பும் முடிய வேண்டும்.

ஹோல்டரின் சிவப்பு ஒயர் முதலில் போவது ஃப்யூஸுக்கு. ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. அதற்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் இல்லை. அங்கிருந்து சுவிட்ச், சுவிட்ச்சிலிருந்து எல்298என்னின் 12 வோல்ட் என்று எழுதிய ஸ்க்ரூ. பெயர் அப்படி இருந்தாலும் நம் 7.2 வோல்ட் அதற்குத்தான் போகும். அதே இடத்திலிருந்து இன்னொரு சிவப்பு ஒயர் ஊனோ போர்டின் வட்ட ஜாக்குக்கு, நடுமுனை பாசிட்டிவாக வரும்படி. கருப்பு ஒயர் டிரைவரின் கிரவுண்டுக்கும் (நெகட்டிவ் முனை) ஜாக்கின் வெளிமுனைக்கும். டிரைவரும் ஊனோவும் ஒரே கிரவுண்டைப் பகிராவிட்டால் சிக்னல் எதுவும் புரியாது, மோட்டார் தன்னிஷ்டத்துக்குத் துடிக்கும். டிரைவரில் 5 வோல்ட் ஸ்க்ரூவைக் காலியாகவே விடுங்கள். ஊனோவுக்கு வேறு வழியில் மின்சாரம் வருகிறது.

இந்த நான்கைந்து ஒயருக்கும் ஜம்பர் வேண்டாம். எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 0.5 சதுர மி.மீ. மல்டிஸ்ட்ராண்ட் ஒயர் போதும். ஸ்க்ரூவில் செருகும் முன் முனையை நன்றாக முறுக்குங்கள். அதில் ஒரே ஒரு செப்பு இழை வெளியே நீட்டிப் பக்கத்து ஸ்க்ரூவைத் தொட்டால் போதும், ஷார்ட். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றையும் பாருங்கள். முனையில் ஈயம் பூசி ஸ்க்ரூவில் முறுக்குவது நேர்த்தியாகத் தெரியும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெதுவாக நசுங்கி, ஒரு மாதத்தில் லூஸ் கான்டாக்ட் ஆகிவிடும்.

மோட்டார் ஒயர்கள் டிரைவரின் இரு பக்க அவுட்புட்டுக்கு. டிரைவரின் வேகக் கட்டுப்பாட்டு முனைகளில் மாட்டியிருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் ஜம்பர் மூடிகளையும் கழற்றிவிட்டு, அந்த முனைகளை ஊனோவின் 5, 6 எண் பின்களுக்குக் கொடுங்கள். திசைக்கான நான்கு முனைகள் 7, 8, 9, 10-க்கு. அல்ட்ராசோனிக்கின் ஒலியை அனுப்பச் சொல்லும் ட்ரிக் (Trig) முனை 11-க்கு, எதிரொலியைச் சொல்லும் எக்கோ (Echo) முனை 12-க்கு. ஐஆர் சென்சார் 2-க்கு. ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது, 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. மோட்டாரை நேராகப் பின்னில் மாட்டினால் சிப் போய்விடும் என்பது இதனால்தான்.

இப்போது மல்டிமீட்டர். பீப் அடிக்கும் நிலையில் வைத்து, சுவிட்ச்சை ஆன் செய்து, காலி ஹோல்டரின் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளைத் தொடுங்கள். கெப்பாசிட்டர் காரணமாக ஒரு கணம் முனகலாம்; தொடர்ந்து கத்தினால் எங்கோ ஷார்ட். கண்டுபிடிக்கும்வரை செல்லைத் தொடாதீர்கள். மல்டிமீட்டரில் இன்னொரு கண்ணி உண்டு. சிவப்பு புரோப் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் பார்க்கப் போனால், மீட்டரே நேர் ஷார்ட்டாகிவிடும். தொடும் முன் துளையைப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

முதல் ஆன்: சக்கரம் அந்தரத்தில்

வண்டியை ஒரு செங்கல் மேலோ தடித்த புத்தகம் மேலோ தூக்கி வையுங்கள், சக்கரம் எதிலும் படக்கூடாது. மோட்டாருக்கு எந்த உத்தரவும் இல்லாத வெற்று புரோகிராமை முதலில் ஏற்றி, யுஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு, செல் போட்டு, சுவிட்ச்சைத் தட்டுங்கள். விரல் சுவிட்ச்சிலேயே இருக்கட்டும். அரை நிமிடம் வாசனை பாருங்கள், ஊனோவில் வோல்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர் சிப் பக்கம் கையைக் கொண்டுபோய் சூடு பாருங்கள். கருகல் நாற்றமோ தொட முடியாத சூடோ இருந்தால் ஆஃப் செய்து, செல்லைக் கழற்றி, அப்புறம் யோசியுங்கள். எல்லாம் அமைதியாக இருந்தால் ஒவ்வொரு மோட்டாராகச் சுழற்றிப் பாருங்கள். ஒன்று பின்னால் சுற்றினால் அதன் இரு ஒயரையும் இடம் மாற்றினால் சரி. தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள், துப்பட்டா நுனியைச் சுழலும் சக்கரம் பிடித்து இழுக்கும்.

நிற்கக் கற்றுக்கொடுப்பது

புரோகிராமில் முதலில் எழுத வேண்டியது "நில்" என்ற ஒரு ஃபங்ஷன்: நான்கு திசைப் பின்களும் பூஜ்யம், இரண்டு வேகப் பின்களும் பூஜ்யம். போர்டு ஆன் ஆனதும் ஒருமுறை ஓடும் செட்டப் பகுதியின் முதல் வரியே அதை அழைக்கட்டும். சுவிட்ச் போட்டதும் மூன்று விநாடி சும்மா நிற்கச் சொல்லுங்கள். அதற்குள் நீங்கள் கையை எடுத்துவிடலாம்.

அடுத்தது தூரம். சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி வர எத்தனை மைக்ரோவிநாடி ஆனது என்று சொல்லும். அதை 58-ஆல் வகுத்தால் செ.மீ. கிடைக்கும். இங்கேதான் இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான புரோகிராம்கள் ஒரு ஓட்டையை விட்டுவிடுகின்றன. எக்கோ ஒயர் கழன்றுவிட்டால், எதிரொலி நேரத்தை அளக்கும் pulseIn உத்தரவு தன் இயல்பில் ஒரு முழு விநாடி காத்திருக்கும். 65 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 20 செ.மீ. சொச்சம்; 150 ஆர்பிஎம்மில் விநாடிக்கு இரண்டரைச் சுற்று. அதாவது உங்கள் ரோபோ அரை மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். அந்த உத்தரவில் மூன்றாவது எண்ணாக 25000 என்று சேர்த்தால் 25 மில்லிவிநாடியில் திரும்பிவிடும். சென்சாரின் எல்லையான 4 மீட்டர் போய்வர ஒலிக்கு அதற்குள்தான் ஆகும்.

திரும்பி வரும் விடை பூஜ்யமாக இருந்தால் "எதிரே எதுவும் இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், "தெரியவில்லை" என்று எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று முறை பூஜ்யம் வந்தால் நில். தொங்கும் திரைச்சீலை, துணிக் குவியல், சாய்ந்திருக்கும் பலகை எல்லாம் ஒலியை விழுங்கும் அல்லது வேறு பக்கம் திருப்பிவிடும், அவை அந்தச் சென்சாருக்குத் தெரியாது. 25 செ.மீ.க்குள் எதாவது வந்தால் நில், கொஞ்சம் பின்னால் போ, திரும்பு. வேகத்தை முழு அளவான 255-இல் ஆரம்பிக்காமல் 150-இல் ஆரம்பியுங்கள். பின்னாளில் புளூடூத் வைத்துப் போனிலிருந்து ஓட்டினால், அரை விநாடி உத்தரவு வராவிட்டால் தானே நிற்கும்படியும் எழுதுங்கள். போனுக்கு அழைப்பு வந்தால் வண்டி கடைசியாகக் கேட்ட "முன்னால் போ"வைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

திண்ணை

நம் வீடுகளில் ரோபோவின் பெரிய எதிரி திண்ணை விளிம்பு. முன்னால் பார்க்கும் சென்சாருக்குப் பள்ளம் தெரியாது. அதற்குத்தான் ஐஆர் சென்சாரை மூக்குக்குக் கீழே, தரையிலிருந்து 2 செ.மீ. உயரத்தில், கீழ்நோக்கிப் பொருத்துகிறோம். தரை இருந்தால் ஒளி திரும்பும், விளிம்பு வந்தால் திரும்பாது, உடனே நில். ஆனால் கறுப்புத் தரையும் சில அடர்ந்த நிற ரெட் ஆக்சைடு தரையும் ஐஆரை விழுங்கிவிடும். வண்டி நடு ஹாலிலேயே பள்ளம் என்று நின்றுகொள்ளும். நேர் வெயிலிலும் ஐஆர் இருப்பதால் காலை வெயில் விழும் திண்ணையில் பள்ளத்தையே தரை என்று நம்பலாம். சென்சாரின் சின்ன ஸ்க்ரூவை உங்கள் தரைக்கு ஏற்ப, வெயில் இல்லாத நேரத்தில் திருப்பி வையுங்கள். முதல் சில ஓட்டங்கள் ஹாலில், கதவைச் சாத்தி, தவழும் குழந்தையை வேறு யாராவது இடுப்பில் வைத்திருக்கும்போது நடக்கட்டும்.

ஓடும்போது திடீரென்று போர்டு ரீஸ்டார்ட் ஆகி மூன்று விநாடி நின்று நின்று கிளம்பினால், பேட்டரி வோல்டேஜ் மோட்டார் கிளம்பும் கணத்தில் விழுகிறது என்று அர்த்தம். செல்லை சார்ஜ் செய்யுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் டிரைவரின் பவர் ஸ்க்ரூக்களுக்குக் குறுக்கே 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். அதன் வெள்ளைக் கோடு உள்ள கால் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் டப்பென்று வெடிக்கும், அதனால் முகத்தை நேரே வைத்துப் பார்க்காதீர்கள்.

லித்தியத்துக்குப் போக நினைத்தால்

இந்த வண்டி நன்றாக ஓடி, ஒயரிங் கைவந்த பிறகு போகலாம். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேலேயும் 3 வோல்ட்டுக்குக் கீழேயும் போகக்கூடாது. இரண்டு செல் தொடராகப் போட்டால் அதற்குரிய பிஎம்எஸ் (செல்களின் வோல்டேஜ் எல்லை மீறாமல் காக்கும்) போர்டும் 8.4 வோல்ட் லித்தியம் சார்ஜரும் வேண்டும். சாதாரண அடாப்டரை நேராக மாட்டுவது கூடாது. உப்பிய செல், மேலுறை கிழிந்த செல், கீழே விழுந்து நசுங்கிய செல் இவற்றுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. தீப்பிடித்தால் அந்தப் புகையைச் சுவாசிக்காமல் விலகி, ஆட்களை வெளியே அனுப்புங்கள். சின்ன செல்லாகவும் எட்டும் தூரத்திலும் இருந்தால் நிறையத் தண்ணீர் கொட்டிக் குளிர வைப்பதுதான் வழி.

பரீட்சை மாதங்களில் ரோபோ அலமாரிக்குப் போகும்போது செல்களைக் கழற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வையுங்கள். லித்தியமாக இருந்தால் ஒரு செல் 3.8 வோல்ட் பக்கம், பாதி சார்ஜில் இருப்பது நல்லது. செத்துப்போன செல்லின் இரு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மற்ற குப்பையோடு சேர்க்காமல் வைத்திருங்கள். கேரளப் பக்கம் கழிவு சேகரிக்க வீட்டுக்கு வரும் ஹரித கர்ம சேனையிடம் மின்னணுக் கழிவு எப்போது எடுப்பார்கள் என்று கேட்டு அன்று கொடுக்கலாம். எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் வாங்கிய கடையிலேயே திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல்தான் வைத்திருக்கின்றன.